கானிகாப்பொலி: வழக்கிழந்த ஓர் ஆங்கிலச் சொல்லின் வேர்

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ளது. இப்பகுதி ஊர்களின் நிலக்கணக்கை வழிவழியாக எழுதிவந்தோர் கர்ணம் எனவும் கணக்கப்பிள்ளை எனவும் வழங்கப்பெற்றனர். அப்பரம்பரைப் பதவி 1980 நவம்பரில் தமிழ்நாட்டரசின் அவசரச் சட்டத்தால் ஒழிந்தது. எனினும், அப்பெயர் உருத்திரிந்து ஆங்கில அகராதியில் கிடத்தலைப் பலர் அறியார். அதனை ஈண்டு ஆராய்வோம்.

‘கானிகாப்பொலி’ என்பது கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் வழங்கிய சொல். இன்று ஆங்கிலத்தில் வழக்கிழந்தது. ஈற்றுப் ‘பொலி’யை நோக்கி, ‘மோனோபொலி’ போலக் கிரேக்க வழிவந்தது என மயங்கற்க. யூல், பர்னெல் என்போர் தொகுத்து 1886-இல் வெளியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, ‘கணக்கப்பிள்ளை’ என்னும் தமிழ்ச்சொல்லே இதன் மூலம் எனக் காட்டும். ணகர ளகரங்கள் ஆங்கிலத்தில் இன்மையின் னகர லகரங்களாயின; ஈற்று ஐகாரம் இகரமாயிற்று. ‘பிள்ளை’ என்பது ஈண்டுப் பணிப்பெயரோடு ஒட்டிய மதிப்புச் சொல்.

இனி, பொருளை நோக்குவோம். அவ்வகராதி தரும் பொருள் ‘கணக்கு மனிதன்’ என்பது. ஆனால், ஆங்கிலேயர்க்கு முன்னரே, முத்துக்குளித்துறையில் சமயப்பணி புரிந்த பிரான்சிசு சவேரியாரின் 1544-ஆம் ஆண்டு மடலில் இச்சொல் காணப்படுகிறது. ஆண்டு அது குறிப்பது வணிகக் கணக்கரை அன்று. ஊர்தோறும் மறையறிவு கற்பித்த துணைவரை. எண்ணெழுதுவோன் பெயர் மறை கற்பிப்போனுக்கு எங்ஙனம் பொருந்தும் என்னும் ஐயம் எழும்.

விடை தமிழிலேயே உளது. ‘கணக்கு’ எண்ணை மட்டும் குறிப்பதன்று, நூலையும் குறிக்கும். பதினெண்கீழ்க்கணக்கு என்னும் தொகைப்பெயர் இதற்குச் சான்று. ஆசிரியன் ‘கணக்காயன்’ எனப்பட்டான். மணிமேகலையின் 27-ஆம் காதைத் தலைப்பு, சமயநூல் வல்லாரைச் ‘சமயக் கணக்கர்’ என்கிறது. ஆதலின், கடற்கரையூர்களில் மறை கற்பித்தோரை இப்பெயரால் அழைத்தமை பண்டைப் பொருளோடு இயைவதே எனக் கருதுகிறோம். ஊரில் எழுத்தறிந்தவன் ஒருவனே கணக்கும் எழுதிப் பாடமும் சொல்லும் நிலையில், இவ்விரு பொருளும் ஒருவனிடத்தே கூடுதல் இயல்பு. பிற்காலத்தே, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளரை மேற்பார்ப்போனுக்கும் கணக்கப்பிள்ளை என்னும் பெயர் வழங்கிற்று.

கம்பெனியார் தம் வணிகத்துக்கு வேண்டிய ஒரு பொருளை மட்டும் கொண்டனர். அகராதி அதனையே பதிந்தது. பிறமொழி புக்க தமிழ்ச்சொல்லின் ஒலிமாற்றத்தை அயலார் அகராதி காட்டும். அதன் முழுப்பொருளைக் காட்டவல்லன நம் நூல்களே என்க.