பிசுமத் பெரைட்டு நானோதுகள்கள்

பிசுமத் பெரைட்டு என்பது அறை வெப்பநிலையிலேயே மின்முனைவு ஒழுங்கையும் காந்த ஒழுங்கையும் ஒருங்கே கொண்ட ஓர் ஆக்சைடு ஆகும். இவ்வகைப் பொருள்களுக்கு 'மல்டிபெர்ரோயிக்' என்ற பெயரை 1994 இல் ஆன்சு இசுமிட் வழங்கினார்.

இதன் காந்தத் திருப்புத்திறன்கள் சுமார் 62 நானோமீட்டர் நீளத்தில் ஒரு முழுச் சுழற்சியை நிறைவு செய்கின்றன என்பது 1982 இல் நியூட்ரான் விளிம்பு விளைவு ஆய்வில் தெரியவந்தது. இச்சுழற்சியால் திருப்புத்திறன்கள் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் நிகரக் காந்தமாக்கல் வெளிப்படுவதில்லை.

2003 இல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற இராமமூர்த்தி இரமேசின் குழு, மென்படலங்களில் வலுவான காந்தமாக்கலைக் கண்டதாக அறிவித்தது. 2005 இல் பிற ஆய்வாளர்கள் அம்முடிவை மறுத்தனர். எனினும் இப்பொருளின் மீதான ஆர்வம் குறையவில்லை.

62 நானோமீட்டரைவிடச் சிறிய துகள்களில் சுழற்சி முழுமை பெறாததால் காந்தமாக்கல் உயர்வதாக 2007 இல் வெளியான ஆய்வு காட்டியது. பிசுமத்தின் இடத்தில் இலாந்தனம் போன்ற அருமண் தனிமங்களைப் பதிலிடுவதும் சுழற்சியைக் குலைக்கிறது. சூடாக்கும்போது பிசுமத் ஆவியாகி ஏற்படும் குறைபாடுகளையும் குறைக்கிறது. துகளின் ஆற்றல் இடைவெளி கண்ணுறு ஒளியின் எல்லைக்குள் அமைவதால், சூரிய ஒளியில் சாயக்கழிவைச் சிதைக்கும் ஒளிவினையூக்கியாகவும் இது ஆராயப்படுகிறது.

சிறிதளவு இரும்பு ஆக்சைடு மாசும் காந்தத்தன்மையைக் காட்டக்கூடும். ஆகவே தூய்மையை உறுதிசெய்த பின்னரே அளவீடுகள் ஏற்கத்தக்கவை.