தாழியும் மண்குதிரையும்



"வரலாறு படிச்ச ஆளு நீங்க, மலருக்கு ஒரு கட்டுரை தரணும்" என்று குழுவினர் விடாமல் கேட்டதால் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் ஒரு பழைய குற்றம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

1974-இல் சீனாவின் சியான் நகருக்கு அருகே, மழை பொய்த்த காலத்தில் விவசாயிகள் கிணறு வெட்டினார்கள். மண்வெட்டியில் தட்டுப்பட்டது பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் சமாதியைக் காக்கும் சுடுமண் படை. ஆளுயர வீரர்கள், ஆயிரக்கணக்கில்! பின்னால் வந்த தாங் வம்சத்தார் (கி.பி. 618–907) காலத்தில் கல்லறை வாசலில் இரண்டு பூதங்களை வைத்தார்கள். ஒன்றுக்கு மனித முகம், மற்றதற்குச் சிங்க முகம். கூடவே கவசம் பூண்ட காவலர் இருவர். இந்தக் காவலர்கள் பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து போன திசைக் காவலர்களின் வழிவந்தவர்கள். நம்ம ஊர்ச் சரக்குதான்!

நம் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த பூமி. இங்கே காவல் குதிரை செத்தவருக்கு அல்ல, இருப்பவருக்கு. மண்ணுக்குள் புதைக்காமல் கண்மாய்க் கரையில் வெயிலில் நிறுத்தினார்கள், அய்யனார் ராத்திரி ஏறிப்போக. ஊர் சார்பில் பிடிமண் கொடுத்தால்தான் வேளார் வேலையைத் தொடங்குவார். களிமண்ணில் மணலும் உமியும் கலந்து, கால்களை உருளையாக எழுப்பி, மேலே வயிறு, கழுத்து, கடைசியில் தலை. உள்ளே வெறும் கூடு. சுட்டு, வர்ணம் பூசி, கண் திறந்த பிறகுதான் அது குதிரை.

செத்தவருக்குத் தாழி. ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜாகோரும், பிறகு அலெக்சாண்டர் ரீயும் தோண்டினார்கள். 2004-இல் மட்டும் 150-க்கு மேல் கிடைத்தன. புறநானூற்றின் 256-ஆம் பாட்டில், வழியில் கணவனை இழந்தவள், தனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாகச் செய்யும்படி குயவரிடம் கேட்கிறாள். வகுப்பில் அதைப் படித்து மனப்பாடம் செய்து பரீட்சையும் எழுதினோம்.

எழுதி என்ன? அதே வருஷம் திருச்சுழிக்குத் தெற்கே நம் முகாமில் வாய்க்கால் வெட்டியபோது ஒரு தாழியின் விளிம்பு தெரிந்தது. புதையல் என்று நினைத்துக் கடப்பாரையால் உடைத்தோம். முதல் போடு நான்தான் போட்டேன். உள்ளே எலும்புத் துண்டுகள், உள்பக்கம் கறுத்து வெளியே சிவந்த சின்னக் கலயங்கள் மூன்று. ஆடு மேய்த்த பெரியவர் ஒருவர் ஓடிவந்தார். "அது நம்ம பாட்டன் பூட்டன் படுத்திருக்கிற பானைடா தம்பி, மூடுங்கப்பா" என்றார். சிரித்தோம். இரண்டு கலயம் அங்கேயே நொறுங்கியது. மூன்றாவதை விடுதிக்குக் கொண்டுவந்து பேனா போட்டு வைத்திருந்தோம்.

போன வருஷம் அந்த இடத்தைத் தேடிப் போனேன். சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. கண்மாய்க் கரையில் பழைய மண்குதிரையின் கால்கள் மட்டும் நிற்க, பக்கத்தில் புதுச் சிமெண்ட் குதிரை.

அந்தக் கலயம் கடைசி ஆண்டில் யார் பெட்டியில் போனது என்று எனக்கு நினைவில்லை. உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் சந்திப்புக்குக் கொண்டுவாருங்கள், கோபிக்க யாருமில்லை. விருதுநகர் அரசு அருங்காட்சியகத்துக்கு நாம் சேர்ந்தே போய்க் கொடுத்துவிட்டு வரலாம். உடைத்த கதையை நான் சொல்லிக்கொள்கிறேன்.