கருத்தொருமையும் வாக்கற்றோரும்: 1960ஆம் ஆண்டுத் தேர்தலும் கித்துல்கலத் தோட்டங்களும்

இரண்டாம் உலகப் போரின் பின் பிரித்தானிய அரசியலில் நிலவிய கருத்தொருமையை ஆராய்வோர் 1950ஆம், 1951ஆம் ஆண்டுத் தேர்தல்களை முதற்கண் நோக்குவர். 1950இல் எட்லியின் தொழிற்கட்சி பெற்ற பெரும்பான்மை ஐந்தே ஆசனங்கள். மறுவருடம் அக்கட்சி எதிர்க்கட்சியினரிலும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளைக் கூடுதலாகப் பெற்றும் தோல்வியுற்றது. எனினும் ஆட்சியேறிய சேர்ச்சில் அரசு தேசிய சுகாதார சேவையைக் குலைக்கவில்லை; நிலக்கரிச் சுரங்கங்களைத் தனியாரிடம் மீள ஒப்படைக்கவுமில்லை.

இத்தகைய நிலையினை இலங்கையிலும் காண்கிறோம். 1960 மார்ச்சுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50 ஆசனங்களும் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிக்கு 46 ஆசனங்களும் கிடைத்தன. டட்லி சேனநாயக்கா அமைத்த சிறுபான்மை அரசு ஏப்ரில் 22ஆந் திகதி சிம்மாசனப் பிரசங்க வாக்கெடுப்பில் 61க்கு 86 எனத் தோற்றது. யூலையில் மீண்டும் தேர்தல் நடைபெற, சுதந்திரக் கட்சி 75 ஆசனங்களைக் கைப்பற்றியது. இலவசக் கல்வி, இலவச வைத்தியம், பங்கீட்டரிசி ஆகியவற்றை இரு கட்சிகளும் ஏற்றிருந்தன. அவை உடன்பட்ட விடயம் இன்னொன்றும் உண்டு. எமது கவனத்துக்குரியது அதுவே.

களனி கங்கைக் கரையிலுள்ள கித்துல்கலவை வெளியுலகம் 1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' திரைப்படம் எடுக்கப்பட்ட இடமாகவே அறியும். அதன் சுற்றயலில் இறப்பர்ப் பால் வெட்டியும் கொழுந்து கொய்தும் வாழ்ந்த தமிழரை அது அறியாது. 1931இல் வந்த சர்வசன வாக்குரிமை, வதிவிட நிபந்தனைகளோடு, அவருட் பலருக்குங் கிடைத்திருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அதனைப் பறித்தன. ஆயினும் 1959இன் தொகுதி நிர்ணயம் மொத்தக் குடிசனத்தொகையை அடிப்படையாகக் கொண்டமையால், லயன்களில் வாழ்ந்தோர் தலைகளாக எண்ணப்பட்டனர், வாக்காளராக அன்று. மலையகத் தொகுதிகளில் வாக்குரிமை பெற்றிருந்தோரின் பலம் இதனாற் பெருகியது. அதே காலத்தில் இலண்டனில் வதிந்த இலங்கைப் பிரசைகள், பொதுநலவாயத்தினர் என்ற உரிமையால், பிரித்தானியத் தேர்தலில் வாக்களிக்கக் கூடியவராயிருந்தனர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

மார்ச்சுத் தேர்தலின் பின் 15 ஆசனங்களைக் கொண்டிருந்த தமிழரசுக் கட்சி டட்லியிடம் முன்வைத்த கோரிக்கைகளுட் பிரசாவுரிமைச் சட்டத் திருத்தமும் ஒன்று. அவர் இணங்கவில்லை. ஆட்சியே கவிழும் நிலையிலும் அவர் இணங்காமை, அவ்வுடன்பாடு எத்துணை உறுதியானது என்பதைக் காட்டுகின்றதெனக் கருதுகிறோம்.

கித்துல்கல அடங்கிய எட்டியாந்தோட்டைத் தொகுதியில் 1960இன் இரு தேர்தல்களிலும் வென்றவர் லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர் கலாநிதி என். எம். பெரேரா. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை அவர் கட்சி பாராளுமன்றத்தில் எதிர்த்தது. 1964 யூனில் அவர் திருமதி பண்டாரநாயக்காவின் அரசில் நிதியமைச்சரானார். அவ்வாண்டு ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பிரிக்கப்பட்டபொழுது, அத்தோட்டங்களின் பிரதிநிதி அமைச்சரவையிலேயே இருந்தார். அவரை அமைச்சரவைக்கு அனுப்பிய தேர்தலில் அம்மக்களுட் பெரும்பாலோர் வாக்களித்தவரல்லர்.

அவ்வரசு 1964 திசெம்பர் 3இல் ஒரேயொரு வாக்கினாற் கவிழ்ந்தது. ஒப்பந்தம் கவிழவில்லை. அதனை நடைமுறைப்படுத்தும் சட்டத்தை 1967இல் நிறைவேற்றியது எதிரணியாயிருந்த ஐக்கிய தேசியக் கட்சியின் அரசே. எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.