கோபாலகிருஷ்ண பாரதியார் வரலாறும் வரலாற்றாசிரியரும்

இசைநாடகம் இயற்றியவர்களின் வாழ்க்கையைப் பெரும்பாலும் அவர்களுக்கு வேண்டியவர்களே முதலில் எழுதுகின்றனர். வியன்னாவில் 1791இல் மறைந்த மோட்சார்ட்டின் விரிவான வரலாற்றைத் தொகுத்தவர், அவருடைய மனைவியைப் பின்னர் மணந்த நிசன். அந்நூல் 1828இல் வெளிவந்தது. கடிதங்களைக் காத்துத் தந்ததும் அந்த உறவே; சிலவற்றை மறைத்ததும் அந்த உறவே.

தமிழில் இதற்கு இணையாக எண்ணத்தக்கது, 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரின் வரலாறு. அதை 1936இல் நூலாக்கியவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றிலும், 'என் சரித்திரம்' நூலிலும் அவர் பாரதியாரைப் பேசுகிறார். பின்வந்தோர் பலரும் இவற்றிலிருந்தே எடுத்தாண்டனர். ஆகவே நூல்கள் பலவாயினும் சாட்சி பெரும்பாலும் ஒருவரே என்பதை நாம் மனத்திற் கொள்ளவேண்டும்.

அந்தச் சாட்சி எதைக் கண்டார், எதைக் கேட்டார்? ஐயர் பிறந்தது 1855இல். தியாகராசர் மறைந்தது 1847இல். திருவையாற்றில் தியாகராசரைக் கண்ட பாரதியார், அங்கே ஆபோகி இராகக் கீர்த்தனையைக் கேட்டு, அதே இராகத்தில் தில்லைச் சபாபதியைப் பாடினார் என்னும் புகழ்பெற்ற நிகழ்ச்சி ஐயருக்குச் செவிவழிச் செய்தியே. ஆனால் 1871இல் மாயூரத்தில் முதியவரான பாரதியாரிடம் இசை கற்றது அவரே பட்டறிந்தது. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தலாகாது.

செவிவழிச் செய்தி யாவும் தள்ளத்தக்கது என்பதன்று. சொல்பவருக்குச் சங்கடம் தரும் செய்தி தனி மதிப்புடையது. நந்தனார் கீர்த்தனையில் இலக்கணப் பிழைகள் உண்டு, பெரியபுராணத்தோடு முரண்பாடும் உண்டு என்று பிள்ளையவர்கள் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார். பின்னர்ப் பாரதியார் பாடக் கேட்டு உருகித் தந்தார். இசைப் பழக்கம் இலக்கணக் கல்விக்கு இடையூறு என்று பிள்ளையவர்கள் கருதியதால் ஐயர் இசை பயில்வதையே நிறுத்திக்கொண்டார். தம் ஆசிரியரின் தயக்கத்தையும் கடுமையையும் மறைக்காமல் எழுதிய மாணவரை நாம் நம்பலாம். புலமைக்கும் இசைக்கும் இருந்த பிணக்கு இப்பகுதிகளில்தான் உயிரோடு தெரிகிறது.

பாரதியாரும் ஒருவகையில் வரலாற்றாசிரியரே. சேக்கிழாரின் திருநாளைப்போவார் புராணத்தில் கொடிய பண்ணையார் இல்லை. நந்தனைத் தடுக்கும் வேதியர் பாரதியாரின் படைப்பு. 1935, 1942 ஆகிய ஆண்டுகளில் வந்த திரைப்படங்கள் அக்கதையை ஊரெங்கும் கொண்டு சேர்த்தன. இன்று பலருக்கு அவ்வேதியர் மெய்யாகவே வாழ்ந்தவர். கவிஞனுக்கு அவ்வுரிமை உண்டு. அடிமைப்பட்ட பண்ணையாளின் துயரை மேடையேற்ற அவருக்கு அப்பாத்திரம் தேவைப்பட்டது. ஆனால் கவிஞனின் வரலாற்றை எழுதுவோனுக்கு அவ்வுரிமை இல்லை.

பத்தாண்டு நிறையும் நம் வட்டத்திற்கு இதில் ஒரு கடமை இருக்கிறது. அரூரைச் சுற்றிய ஊர்களில் தெருக்கூத்து ஆடியும், பாட்டுக் கட்டியும், இளையோரைப் பழக்கியும் வாழ்ந்த கூத்து வாத்தியார்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு ஒரு சாமிநாதையர் வாய்க்கவில்லை. அவர்களோடு ஆடியவர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் திண்ணையில் அமர்ந்து கேட்டு எழுதுவோம். எழுதும்போது, கண்டதைக் கண்டதென்றும் கேட்டதைக் கேட்டதென்றும் பிரித்து எழுதுவோம். நம் ஆசிரியர்க்குப் பெருமை தராத செய்தியாயினும் மெய்யாயின் விடாது எழுதுவோம். அடுத்த மலரிலேனும் அப்படி ஒரு வரலாறு இடம்பெறட்டும்.