கோட்டின் இருபுறமும்

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது, நம் பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றன. அடுத்துள்ள விளவங்கோடு வட்டம் தமிழகம் சேர்ந்தது. இருபுறமும் உறவினரைக் கொண்ட நமக்கு, ஹாக்கி வரலாற்றில் ஓர் ஆட்டம் தனிப்பொருள் உடையது.

1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் தயான் சந்தும் அலி தாராவும் ஒரே இந்திய அணியில் நின்று தங்கம் வென்றனர். 1947இல் நாடு பிரிந்தது. 1948இல் தாரா பாகிஸ்தான் அணித்தலைவரானார்.

1975 மார்ச் 15, கோலாலம்பூர். உலகக் கோப்பை இறுதியாட்டம். பாகிஸ்தான் முந்தியது, சுர்ஜித் சிங் சமன் செய்தார். தயான் சந்தின் மைந்தர் அசோக் குமார் அடித்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே தெறித்தது. பாகிஸ்தானியர் மறுத்தனர்; நடுவரோ கோல் என்றார். 2-1 என இந்தியா வென்றது.

தந்தையர் காலத்தில் ஒரே அணி, மைந்தர் காலத்தில் எதிரணி. கோடு வகுப்பது அரசு. அதனைக் கடந்தும் உறவைக் காப்பது நம் கடன்.