தோல் வாரும் தொழிற்கல்வியும்

தோலை வாராக அறுத்துப் பின்னுவதும் முடிச்சிடுவதும் மிகப் பழைய கைத்தொழில். உழவனின் சாட்டையும் குதிரையின் கடிவாளமும் அதனால் உருவானவையே. அத்தொழில் ஒரு சிற்றூரில் கல்வியாக மலர்ந்த வரலாற்றை ஈண்டு நினைவுகூர்வோம்.

இராஜஸ்தானத்தில், பியாவர் நகருக்கு அண்மையில் உள்ளது ஜவாஜா. வறட்சி மிகுந்த பகுதி. 1975ஆம் ஆண்டு, அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முன்னாள் இயக்குநர் இரவி மத்தாய், தேசிய வடிவமைப்புக் கழகத்தாரின் துணையுடன் அங்கே பணி தொடங்கினார். தோல் தொழிலையே வழிவழியாகச் செய்துவந்த இரேகர் சமூகத்தார், தையலைப் பெரிதும் தவிர்த்து, வார்களைக் கோத்தும் பின்னியும் பைகள் செய்யப் பயின்றனர்.

பின்னலுக்கும் இலக்கணம் உண்டு. வார்கள் ஒரே அகலத்தில் அறுபட வேண்டும். சற்றே ஈரம் இருத்தல் வேண்டும். இழுப்பு எங்கும் ஒத்திருத்தல் வேண்டும். ஒரு வார் தளர்ந்தால் முழுப் பின்னலும் கோணிவிடும்.

செய்வதோடு நில்லாது, விலை கணித்தலையும் விற்றலையும் அவர்கள் கற்றனர். தமக்கெனக் கூட்டமைப்பும் கண்டனர். உதவ வந்தோர் விலகிய பின்னரும் கற்றோர் தம் காலில் நிற்க வேண்டும் என்பதே மத்தாயின் நோக்கம். ஊரார் தாழ்வென ஒதுக்கிய தொழிலே கல்விக்கு வாயிலாயிற்று.

பிழைப்பு நாடி வெளிமாநிலம் வந்த நமக்கும் இதிற் பாடம் உண்டு. நம் பிள்ளைகளுக்குப் பட்டத்துடன் ஒரு கைத்தொழிலையும் பயிற்றுவோமாக. எத்தொழிலையும் இழிவென்று எண்ணாத நெஞ்சையும் அளிப்போமாக.