ரத்தம் சொல்லும் ஜாதகம்

திருவண்ணாமலையில் முகூர்த்த நாளன்று அருணாசலேசுவரர் சந்நிதிக்கு வரும் மணமக்களுக்குப் பெரும்பாலும் ஜாதகப் பொருத்தம் பார்த்தாகியிருக்கும். ரத்தப் பொருத்தம் பார்த்தாயிற்றா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கேள்வி நம் மலைகளில் எழுந்து எழுபது வருஷங்களுக்கு மேலாகிறது.

1952-இல் லேமான், கட்புஷ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்து, அரிவாள் செல் என்னும் பரம்பரைக் கோளாறு அங்கே இருப்பதை வெளியிட்டார்கள். பிராணவாயு குறைந்தால் சிவப்பணு அரிவாளைப்போல் வளைந்துவிடும். நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைத்து, பொறுக்க முடியாத வலியைத் தரும்.

தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இது வந்தால், பிள்ளை பெரும்பாலும் சுகமாகவே வாழும். அது நோயாளி அல்ல, கோளாற்றைச் சுமப்பது மட்டுமே. சுமப்பவர் இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்புண்டு.

அப்படியானால் சட்டம் போட்டு எல்லோரையும் சோதித்துவிட்டால் என்ன? அமெரிக்காவில் 1970-களின் தொடக்கத்தில் பல மாநிலங்கள் கறுப்பின மக்களைக் குறிவைத்து அப்படித்தான் செய்தன. விளைவு என்ன? சுமப்பவரையும் நோயாளியையும் ஒன்றாகக் குழப்பினார்கள். ஆரோக்கியமானவர்கள் வேலையும் இன்ஷூரன்ஸும் இழந்தார்கள். விமானப்படைக் கல்லூரி 1981 வரை அவர்களுக்குக் கதவடைத்தது. பரிசோதனை அவரவர் விருப்பப்படியே நடக்க வேண்டும் என்று 1972-இல் மத்தியச் சட்டம் சொல்ல வேண்டியதாயிற்று.

2023 ஜூலை 1-ஆம் தேதி நம் நாட்டிலும் ஒரு பெருந்திட்டம் தொடங்கியது. 2047-க்குள் நோயை ஒழிப்பது நோக்கம். ஏழு கோடிப் பேரைச் சோதித்து, முடிவை அட்டையில் எழுதித் தருவது வழி. நல்ல காரியந்தான். ஆனால் "பெண் மூலம் நிர்மூலம்" என்று ஒரு நட்சத்திரத்துக்காகப் பெண்களைக் கண்ணீர் விட வைத்த சமூகம் நம்முடையது. அந்த அட்டை ஒரு மலைப் பெண்ணுக்குப் புதிய மூல நட்சத்திரமாகிவிடக் கூடாது அல்லவா?

சர்க்கார் ஒருவரிடம் ஒரு துளி ரத்தம் கேட்டால், பதிலுக்குச் சிலவற்றைத் தரக் கடமைப்பட்டிருக்கிறது. ரகசியத்தைக் காக்க வேண்டும். அவர் மொழியில் பொறுமையாக விளக்க வேண்டும். வலியின் வேகத்தைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை மலையடிவார ஆஸ்பத்திரியிலேயே கிடைக்க வேண்டும். யாரை மணப்பது என்ற முடிவு மட்டும் அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கட்டும்.